அட்மினுக்கும் அனுமதி இல்லை

ஓர் அலுவலகத்தில் எல்லாருடைய கோப்புகளையும் படிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? முதலாளிக்கு என்பீர்கள். அவருக்குக்கூட இல்லை. கணக்குப் பிரிவின் சம்பளப் பட்டியல், மனிதவளத் துறைக்கு வந்த புகார்க் கடிதங்கள், வழக்கறிஞருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, முதலாளி தனக்கென்று பூட்டி வைத்திருக்கும் கோப்புறை என்று எல்லாவற்றையும் தினமும் நள்ளிரவுக்குப் பின் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுப் போவது பேக்கப் மென்பொருள் ஒன்றுதான். நாளைக்கே சர்வர் எரிந்துபோனால் அத்தனையையும் திரும்பத் தர வேண்டிய பொறுப்பு அதற்கு. பொதுவாக, படிக்க முடியாததைத் திரும்பத் தரவும் முடியாது.

ஆக, கணினிப் பாதுகாப்பை வடிவமைத்தவர்களுக்கு ஒரு விசித்திரமான சிக்கல். யாரும் படிக்கக் கூடாது என்று பூட்டிய கோப்பை ஒரு நிரல் மட்டும் படிக்க வேண்டும். அந்த நிரலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது. இதற்கு அவர்கள் கட்டிய ஏற்பாடு அபாரமானது. ஒழுங்காக ஓடுகிற நாட்களில் அது யார் கண்ணிலும் படாது. காலையில் வந்து பார்க்கும்போது, 'அணுகல் மறுக்கப்பட்டது, பிழை 5' என்று சிவப்பில் ஒரு வரி நிற்கிற அன்றுதான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். அதைப் பார்த்ததும் எந்த அட்மினும் முதலில் கேட்பது: "நான்தானே அட்மின்? எனக்கே அனுமதி இல்லையா?"

இல்லைதான். ஏன் என்று தெரிய, இரவு 2 மணிக்குப் புறப்படும் ஒரு பேக்கப் வேலையின் கூடவே போவோம். விண்டோஸ் சர்வர்கள் இருக்கும் சாதாரண அலுவலக நெட்வொர்க் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மூலையில் பேக்கப் சர்வர். இன்னொரு மூலையில் கோப்புகள் குடியிருக்கும் சர்வர். எல்லாருடைய பெயர்களும் கடவுச்சொல் விவரங்களும் ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டில் இருக்கின்றன. அதை வைத்திருக்கும் மூன்றாவது கணினிக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர்.

போகிற வழியில் இரண்டு கேள்விகள். முதலாவது, நீ யார்? இது அடையாளச் சரிபார்ப்பு. இரண்டாவது, சரி, நீ அவர்தான். உனக்கு இங்கே என்ன உரிமை? இது அனுமதிச் சரிபார்ப்பு. இரண்டும் வெவ்வேறு கட்டத்தில், வெவ்வேறு நிரல்களால் கேட்கப்படுபவை. எந்தக் கேள்வியில் வண்டி நின்றது என்பதைப் பிழை எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். 1326 வந்தால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 வந்தால், நீங்கள் யார் என்று தெரிந்துதான் மறுக்கிறது. 53 வந்தால் இரண்டு கேள்வியும் கேட்கப்படவே இல்லை. அந்தப் பெயருள்ள கணினியையே எட்ட முடியவில்லை. 53ஐப் பார்த்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எளிய வழி கடவுச்சொல்லை அனுப்பிவிடுவது. வழியில் யாராவது ஒட்டுக்கேட்டால் கதை முடிந்தது. கடவுச்சொல்லை அனுப்பாமலே அது தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க முடியும் என்பதை 1978இல் ரோஜர் நீடம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் ஒரு கட்டுரையில் காட்டினார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் அந்த யோசனை வளர்ந்து மென்பொருளானது. கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயரை அதற்கு வைத்தார்கள்: கெர்பெரோஸ். விண்டோஸ் 2000 முதல் ஆக்டிவ் டைரக்டரியின் வாசலில் நிற்பது இந்த நாய்தான்.

அது செய்கிற வித்தையைப் பாருங்கள். பேக்கப் சர்வர் தன் கணக்கின் கடவுச்சொல்லிலிருந்து கணித வழியில் ஒரு சாவியைத் தயாரிக்கிறது. இப்போது மணி என்ன என்பதை அந்தச் சாவியால் பூட்டி, அதாவது மறையாக்கம் செய்து, டொமைன் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. அதே சாவி அங்கே பதிவேட்டிலும் இருக்கிறது. அதைக் கொண்டு திறந்து பார்த்தால், உள்ளே சரியான நேரம் இருக்க வேண்டும். வேறு சாவியால் பூட்டியிருந்தால் திறக்கும்போது வெறும் குப்பைதான் வரும். நேரம் சரியாக வந்தால், அனுப்பியவருக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். கடவுச்சொல் கம்பியில் ஏறவே இல்லை. ஒட்டுக்கேட்டவன் அந்தப் பொட்டலத்தைப் பிடித்து வைத்து நாளைக்கு அனுப்பினால் செல்லாது. உள்ளே இருப்பது நேற்றைய நேரம்.

பூட்டி அனுப்பும் தகவலில் நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை டோரதி டென்னிங், ஜியோவானி சாக்கோ இருவரும் 1981இல் சொன்னது. நல்ல யோசனை. ஆனால் அதன் விளைவாக, சுவர்க் கடிகாரம் மாதிரி சும்மா ஓடிக்கொண்டிருந்த கணினிக் கடிகாரம் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. இரண்டு கணினிகளின் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், வழக்கமான அமைப்பில் கெர்பெரோஸ் மறுத்துவிடும். கணினியில் நேரம் காட்டும் குவார்ட்ஸ் படிகம் 10 லட்சத்துக்கு 20 பங்கு பிசகுவது சகஜம். நாளொன்றுக்கு 1.7 விநாடி. யாரும் திருத்தாமல் விட்டால் 5 நிமிடம் சேர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். ஜனவரியில் அமைத்த சர்வர் ஜூன் கடைசி வரை ஒழுங்காக ஓடிவிட்டு ஒருநாள் இரவு நின்றுவிடும். கடவுச்சொல் மாறவில்லை, யாரும் எதையும் தொடவில்லை. அன்றைக்குப் பிழை எண் 1398 கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். 'நேர வேறுபாடு' என்று அது வெளிப்படையாகவே சொல்லிவிடும். பல மென்பொருள்கள் அதை விழுங்கிவிட்டு 'உள்நுழைவு தோல்வி' என்று மட்டும் காட்டுவதுதான் கொடுமை.

நேரம் சரி. டொமைன் கன்ட்ரோலர் இப்போது 10 மணி நேரம் செல்லும் ஒரு டிக்கெட் தருகிறது. அதைக் காட்டி, கோப்பு சர்வருக்கென்று இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். அரசு அலுவலகத்தில் சீல் வைத்த கவரை நம் கையிலேயே கொடுத்து, அடுத்த அதிகாரியிடம் சேர்க்கச் சொல்வார்களே, இரண்டாவது டிக்கெட் அந்த ரகம். கொண்டுபோகிறவரால் அதைப் பிரிக்க முடியாது. அது கோப்பு சர்வரின் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. வந்தவர் யார், எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற விவரமும், இருவரும் பேசிக்கொள்ள ஒரு தற்காலிகச் சாவியும் உள்ளே இருக்கும். கோப்பு சர்வர் அதைத் திறந்து பார்த்த மாத்திரத்தில், முன்பின் அறியாத ஒருவரை நம்பத் தயாராகிவிடுகிறது. டொமைன் கன்ட்ரோலரைக் கூப்பிட்டு 'இவர் உண்மையானவர்தானா' என்று கேட்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

அப்படியானால் கோப்பு சர்வருக்கும் ஒரு கடவுச்சொல் இருக்க வேண்டுமே? இருக்கிறது. டொமைனில், அதாவது அந்தப் பதிவேட்டின் ஆளுகையில், சேர்ந்த ஒவ்வொரு கணினிக்கும் மனிதர்களைப் போலவே ஒரு கணக்கு உண்டு. அதன் கடவுச்சொல்லை 30 நாளுக்கு ஒரு முறை கணினி தானே மாற்றிக்கொள்கிறது. இதில் பேக்கப்காரர்களுக்கென்றே ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து ஒரு சர்வரை அப்படியே மீட்டெடுத்தால், அது மூன்று மாதத்துக்கு முந்தைய கடவுச்சொல்லோடு கண்விழிக்கும். பதிவேடு அதற்குள் பல முறை மாறிவிட்டது. கோப்புகள் ஒன்றுவிடாமல் திரும்பி வந்திருக்கும். சர்வரை யாருக்கும் அடையாளம் தெரியாது. பிழை எண் 1396 கிளம்பும் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. சீல் வைத்த கவர் வந்து சேர்கிறது, பெற்றுக்கொண்டவரால் பிரிக்க முடியவில்லை.

டிக்கெட் எழுதப்படுவது ஒரு பெயருக்கு. பேக்கப் மென்பொருளில் சர்வரின் பெயருக்குப் பதிலாக ஐபி முகவரியைக் கொடுத்தால், வழக்கமான அமைப்பில் கெர்பெரோஸ் ஒதுங்கிக்கொள்ளும். என்டிஎல்எம் என்ற பழைய முறை அந்த இடத்துக்கு வரும். 'பெயர் கொடுத்தால் வரவில்லை, ஐபி கொடுத்தால் வருகிறது' என்று மகிழ்ச்சியோடு அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். நடந்தது என்னவென்றால், பெயர்ப் பதிவிலோ கடிகாரத்திலோ இருக்கும் கோளாறு அப்படியே இருக்க, காவல் குறைந்த பின்வாசல் திறந்துகொண்டது. அந்தப் பின்வாசலுக்கும் நாள் குறித்தாயிற்று. என்டிஎல்எம் இனி மேம்படுத்தப்படாது என்று மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் அறிவித்துவிட்டது.

முதல் கேள்வி முடிந்தது. கோப்பு சர்வர் இப்போது வந்தவருக்காக ஒரு டோக்கன் தயாரிக்கிறது. டோக்கன் என்பது நினைவகத்தில் இருக்கும் ஒரு சிறு பதிவு: இவருடைய பாதுகாப்பு எண், இவர் இருக்கும் குழுக்களின் எண்கள், இவருக்குள்ள சிறப்புரிமைகள். இனி இந்த வருகை முடியும்வரை கணினி ஆளைப் பார்க்காது, டோக்கனை மட்டுமே பார்க்கும். ஒவ்வொரு கோப்பிலும் யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஓர் அனுமதிப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. டோக்கனில் உள்ள எண்களையும் அந்தப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இரண்டாவது கேள்வி.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. பேக்கப் கணக்கை மாலை 6 மணிக்கு அட்மின் குழுவில் சேர்க்கிறீர்கள். இரவு 2 மணிக்கும் அதே பிழை 5. பதிவேடு மாறிவிட்டது, கையில் உள்ள டிக்கெட்டும் டோக்கனும் மாறவில்லை. அவை உள்நுழைந்த நொடியில் எடுத்த நகல்கள். பின்னணியில் ஓடும் பேக்கப் சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கினால் புதிய நகல் பிறக்கும். 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க' என்ற உலகப் பொதுமந்திரம் சரியான காரணத்தோடு பலிக்கிற இடங்களில் இது ஒன்று.

அட்மின் குழுவில் இருந்தும் மறுக்கப்படுவது எப்படி? 2006 கடைசியில் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் தொடங்கியது அது. அட்மின் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து உள்நுழைந்தால் விண்டோஸ் இரண்டு டோக்கன்களைத் தயாரிக்கிறது. ஒன்றில் முழு அதிகாரம். மற்றொன்று அதிகாரங்கள் உருவப்பட்ட, சாதாரணப் பயனருக்கான டோக்கன். வழக்கமான வேலைகளுக்கெல்லாம் இரண்டாவதுதான். 'இந்த நிரலை அனுமதிக்கவா?' என்று திரை இருண்டு கேட்கும்போது 'ஆம்' என்றால்தான் முதலாவது வெளியே வரும். நெட்வொர்க் வழியாக வருகிறவரிடம் அப்படிக் கேட்கத் திரை ஏது? எனவே அந்தக் கணினியிலேயே உருவாக்கிய உள்ளூர் அட்மின் கணக்கோடு வெளியிலிருந்து யார் வந்தாலும், உருவப்பட்ட டோக்கனை மட்டும் தந்துவிடுகிறது. கடவுச்சொல் சரி, குழு சரி, பதில் மட்டும் 5.

டொமைன் கணக்கோடு வந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. இன்னொரு விலக்கும் உண்டு. விண்டோஸை நிறுவும்போதே பிறக்கும் ஆதி அட்மின் கணக்கு. அதன் பாதுகாப்பு எண் எப்போதும் 500 என்றுதான் முடியும். அந்தக் கணக்குக்கு முருகேசன் என்று பெயர் மாற்றினாலும் 500 காட்டிக்கொடுத்துவிடும். கணினிக்குப் பெயர் முக்கியமில்லை. இந்தக் கட்டுப்பாட்டை நீக்க, விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை 1 ஆக்கினால் போதும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஏராளம். உண்மைதான், போதும். ஆனால் பல அலுவலகங்களில் எல்லாக் கணினிக்கும் ஒரே உள்ளூர் அட்மின் கடவுச்சொல்தான். ஒரு கணினியில் திருடியதை வைத்து மற்றவற்றில் நுழைவதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. அதை எடுத்துவிடுவதைவிட, இந்த வேலைக்கென்று தனிக் கணக்கு வைப்பது மேல் என்பது என் கட்சி.

இனி மையமான புதிருக்கு வருவோம். அட்மினையும் விலக்கிய அனுமதிப் பட்டியலோடு ஒரு கோப்பு இருக்கிறது. பேக்கப் மென்பொருள் அதை எப்படிப் படிக்கிறது? டோக்கனில் சிறப்புரிமைகள் என்று ஒரு பகுதி இருப்பதாகச் சொன்னேன். அதில் ஒன்றுக்கு பேக்கப் சிறப்புரிமை என்றே பெயர். அது இருந்தால் படிப்பதற்கு அனுமதிப் பட்டியல் குறுக்கே நிற்காது. ஆனால் வைத்திருந்தால் மட்டும் போதாது. அது டோக்கனில் அணைத்து வைக்கப்பட்ட நிலையில்தான் சாதாரணமாக இருக்கும். நிரல் அதை முதலில் இயக்க வேண்டும். பிறகு கோப்பைத் திறக்கும்போது, 'பேக்கப்புக்காகத் திறக்கிறேன்' என்று ஒரு குறியோடு கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அதே மனிதர், அதே கணக்கில் இருந்துகொண்டு, அதே கோப்பை மௌஸால் இருமுறை தட்டிப் பார்த்தால் மறுக்கப்படும். அந்தச் சிறப்புரிமையே டோக்கனில் இல்லாவிட்டால் 1314 வரலாம்.

திரும்ப எழுதுவதற்குத் தனியாக மீட்புச் சிறப்புரிமை உண்டு. ஒவ்வொரு நாளும் பேக்கப் வெற்றி என்று பச்சையில் காட்டிய மென்பொருள், மீட்கும் நாளில் அனுமதி இல்லை என்று கைவிரிப்பது இந்தப் பிரிவினால்தான். எடுக்கும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டுப் போடும் உரிமையை மறந்திருப்பார்கள்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகப் பிடித்தது. விண்டோஸ் தானே மறையாக்கம் செய்து வைத்திருக்கும் கோப்புகளை, பிரிக்காமல் மூட்டையாகவே எடுத்துக்கொள்ளத் தனி வழி இருக்கிறது. பேக்கப் மென்பொருள் அதைச் சுமந்து போகலாம், திரும்பக் கொண்டுவந்து வைக்கலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. 'படிக்காமல் காப்பாற்று' என்பதைச் சுத்தமாக நிறைவேற்றும் ஏற்பாடு இது.

மற்ற கோப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் விண்டோஸில் 'பேக்கப் ஆபரேட்டர்ஸ்' என்று அடக்கமான பெயரோடு இருக்கும் குழுவைப் பாதுகாப்பு வல்லுநர்கள் கவலையோடு பார்க்கிறார்கள். டொமைன் கன்ட்ரோலரில் அந்த உரிமை உள்ளவர் பதிவேட்டுக் கோப்பையே நகலெடுக்கலாம். அதில் அலுவலகத்தின் அத்தனை கடவுச்சொற்களிலிருந்தும் பிறந்த சாவிகள் இருக்கின்றன. பெயரில் உதவியாளர், செயலில் எல்லாருக்கும் மேலே.

லினக்ஸ் பக்கம் ஒரு நிமிடம். அங்கே எண் 0 கொண்ட ரூட் என்ற கணக்கு சர்வ வல்லமை படைத்தது. ஆனால் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற முறையில் வேறு சர்வரிலிருந்து கோப்புகளைப் பகிரும்போது, எதிர்முனை சர்வர் அந்த 0ஐ நம்புவதில்லை. வந்தவர் 0 என்றால் உடனே அவரை 65534 ஆக்கிவிடும். 'யாருமில்லை' என்ற கணக்கின் எண் அது. சாதாரணப் பயனர் தன் கோப்பைத் தடையில்லாமல் படிப்பார். ரூட்டாக ஓடும் பேக்கப் அதே கோப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். உன் வீட்டில் நீ ராஜாவாக இரு, என் வாசலில் நீ யாரோ என்கிறது. நியாயம்தானே.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் தானாக ஓடினால் தோற்கிறது என்பது இந்தத் தொழிலின் நிரந்தரப் புலம்பல். நீங்கள் 'இசட்' என்று பெயரிட்டு இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் உங்கள் உள்நுழைவுக்குள் மட்டும் இருக்கிற ஒன்று. இரவில் ஓடும் சேவை வேறொரு உள்நுழைவு. அதற்கு 'இசட்' என்றால் என்னவென்றே தெரியாது. உள்நுழைவுகளில் வகைகளும் உண்டு: விசைப்பலகை முன் அமர்ந்தால் 2, நெட்வொர்க் வழியாக வந்தால் 3, சேவையாக ஓடினால் 5. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை வேண்டும். அது இல்லாவிட்டால் கடவுச்சொல் சரியாக இருந்தும் 1385 என்று மறுக்கும்.

இவ்வளவு காரணங்கள் இருக்க, திரையில் மட்டும் ஏன் பூசி மெழுகிய ஒரே வாக்கியம்? வேண்டுமென்றேதான். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொன்னால், வெளியாள் எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான். எனவே பெயர் தவறினாலும் கடவுச்சொல் தவறினாலும் ஒரே பதில். உண்மைக் காரணம் மறுத்த கணினியின் பாதுகாப்புப் பதிவில், 4625 என்ற எண்ணுள்ள நிகழ்வாக எழுதப்பட்டிருக்கும்: பெயர் இல்லையா, கடவுச்சொல் தவறா, கணக்கு காலாவதியா, உள்நுழைவு எந்த வகை என்பது வரை. தோற்ற கணினியையே மணிக்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

பேக்கப் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டு மென்பொருளில் மாற்ற மறந்தால் இன்னொரு சங்கிலி தொடங்கும். மென்பொருள் சளைக்காமல் பழையதையே முயன்று பார்க்கும். சில முறைக்குப் பின் கணக்கே பூட்டிக்கொள்ளும். அதன்பின் சரியான கடவுச்சொல்லும் செல்லாது, 1909 வரும். டொமைன் கன்ட்ரோலரில் 4740 என்ற நிகழ்வு, எந்தக் கணினியிலிருந்து இந்தத் தட்டல் வந்தது என்று பெயர் சொல்லும். இந்தத் தொல்லையை ஒழிக்க விண்டோஸ் சர்வர் 2012இல் ஓர் அழகான வழி வந்தது. 240 பைட் நீளமுள்ள கடவுச்சொல்லை டைரக்டரியே உருவாக்கி, 30 நாளுக்கு ஒரு முறை தானே மாற்றும். அனுமதித்த கணினிகள் மட்டும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எந்த மனிதருக்கும் தெரியாத கடவுச்சொல்லை யார் மறக்க முடியும்? எல்லா பேக்கப் மென்பொருளும் இந்த வகைக் கணக்கை ஏற்பதில்லை. வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் விசித்திரமான கட்டம், அந்தப் பதிவேடே அழிந்துபோய் அதை பேக்கப்பிலிருந்து மீட்கும் நேரம். 'நீ யார்?' என்று கேட்கவும் ஆள் இல்லை, பதில் சொன்னால் சரிபார்க்கவும் ஆள் இல்லை. இதற்கென்றே டொமைன் கன்ட்ரோலரில் மீட்பு நிலை என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குள் டொமைன் கணக்கு எதுவும் செல்லாது. டொமைன் கன்ட்ரோலரை முதன்முதலில் அமைத்த அன்று கேட்டு வாங்கிய ஒரே ஒரு உள்ளூர்க் கடவுச்சொல்தான் செல்லும். அமைத்தவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார். மீட்கும் பேக்கப்பும் வழக்கமாக 180 நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நீக்கிய கணக்குகளின் நினைவை டைரக்டரி அவ்வளவு நாள்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையதை மீட்டால் நீக்கப்பட்டவர்கள் உயிர்த்தெழுந்துவிடுவார்கள். மீட்பு நிலைக்கான அந்த உள்ளூர்க் கடவுச்சொல்லை, சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில் என்டிடிஎஸ்யூடில் என்ற சிறு நிரலைக் கட்டளைத் திரையில் ஓட்டிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிட வேலை. பழையது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதி வைப்பதென்றால் தாளில். அதே சர்வரில் ஒரு கோப்பாக வேண்டாம்.